லெப்டினன்ட்டின் வியாழக்கிழமை

யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதைக்கு முதுகைக் காட்டி நிற்கும் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில் சித்ராதேவிக்கு 'எம்டன்' என்று பெயர். ஜெர்மன் பேசுகிற தமிழச்சி இந்தத் தெருவில் அவர் ஒருவர்தான் என்பதால் வந்த பட்டம். அவர் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. "மெட்ராஸ்ல குண்டு போட்ட கப்பல் பேரை எனக்கு வச்சிருக்கீங்க. நான் இந்த ஊர்ல ஒரு கொசுவை உருப்படியா அடிச்சதில்லை" என்பார்.

வயது ஐம்பத்து மூன்று. குடியிருப்பது இரண்டாவது மாடி. கணவர் உதயசூரியன் டாக்சி ஓட்டுகிறார். பர்மியர்களுக்கு அவர் கோ நே மின்; அதுவும் சூரியன்தான். ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் யாங்கோனுக்குத் திரும்பி வந்து மேல் மாடியில் அறை எடுத்தபோது, முதலில் கதவைத் தட்டியது சித்ராக்காதான். கையில் விருந்தாளிக்குத் தின்னக் கொடுக்கும் ஊறவைத்த தேயிலை ஒரு தட்டு, வாயில் ஒரு கேள்வி.

"நீ ஜெர்மனிக்குப் போனியா?"

"போனேன் அக்கா. நாலு மாசம் இருந்தேன்."

"அங்க நிஜமாவே எல்லாரும் வினைச்சொல்லைக் கடைசியிலதான் வைக்கிறாங்களா?"

இருபத்தேழு வருடம் ஜெர்மன் பேசிச் சம்பாதித்தவர் அவர். அந்த நாட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அந்த மொழி அவர் தேடிப் போனதும் இல்லை. அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போதவில்லை. மீதி இருந்த இடம் ஜெர்மனில்தான். தொண்ணூறுகளில் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியதும் வழிகாட்டி உரிமம் வாங்கினார். அதன்பின் எத்தனை ஜெர்மானியர்களை ஷ்வேடகோன் பகோடாவின் படிகளில் செருப்பைக் கழற்ற வைத்தார் என்பதற்குக் கணக்கில்லை.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. கூட்டம் வந்து இறங்கிய முதல் நாள் காலை, பஸ்ஸிலேயே ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் கேட்பார். கேட்ட மூன்றாவது நொடியில் அது என்ன கிழமை என்று அவருக்குத் தெரிந்துவிடும். போனில் தேடுவதில்லை, புத்தகம் புரட்டுவதில்லை. இந்த ஊரில் கிழமைதான் ஆள். பிறந்த கிழமையைப் பொறுத்துத்தான் பெயரின் முதல் எழுத்து, பொருத்தம், பகை எல்லாமே. ஷ்வேடகோனைச் சுற்றிக் கிழமைக்கு ஒரு மூலை உண்டு. மூலைக்கு ஒரு புத்தர் சிலை, கீழே ஒரு விலங்கு. ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம். புதன் மட்டும் இரண்டு: காலையில் பிறந்தால் தந்தமுள்ள யானை, மத்தியானத்துக்கு மேல் என்றால் தந்தமில்லாத யானை. அவரவர் மூலையில் நின்று, வயதுக்கு ஒரு குவளை, ஆயுள் நீள இன்னொரு குவளை என்று தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஜெர்மானியர்களில் பாதிப் பேர் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை பிறந்ததாகச் சொல்வார்கள். அது அதிர்ஷ்டம் என்பதால் அம்மாக்கள் அப்படிச் சொல்லி வளர்த்திருப்பார்களாம். அக்கா மறுத்துப் பேசமாட்டார். எழுபது வயது ஆளிடம் உங்கள் அம்மா பொய் சொன்னார் என்று சொல்வது வழிகாட்டியின் வேலை இல்லை. பேச்சுக் கொடுத்தபடியே அவரைச் சிங்கத்திடமோ புலியிடமோ கூட்டிப் போய் நிறுத்தி, கையில் குவளையைக் கொடுத்துவிடுவார். சத்தமில்லாமல் திருத்துவது என்பது அவருக்குப் பல் விளக்குவதுபோல் பழகிவிட்டது.

பிறகு கொள்ளைநோய் வந்தது. அதன்பின் வந்ததெல்லாம் சேர்ந்து பஸ்களைக் காலி செய்துவிட்டன. வீட்டில் சும்மா இருந்த மாதங்களில், பழைய பயணி ஒருவர் தன் குடும்பத்துக் கடிதம் ஒன்றைப் படம் எடுத்துப் போட்டு, இதை யாராவது படிக்க முடியுமா என்று கேட்டிருந்தார். நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன் கையெழுத்து இன்றைய ஜெர்மானியர்களுக்கே படிக்க வராது. சித்ராக்கா இணையத்தில் எழுத்து அட்டவணை ஒன்றைப் பிடித்து, ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினார்.

"பர்மிய எழுத்து எல்லாம் வட்டம், தமிழ் எல்லாம் சுழி, இது எல்லாம் கூரான முள்ளு. ஆனா முள்ளுலயும் தினுசு இருக்கு" என்றார் என்னிடம்.

ஒரு வாரத்தில் கடிதம் படித்தாகிவிட்டது. அது ஒரு பசு மாட்டைப் பற்றியது. அங்கிருந்து பேர் பரவி, நாலைந்து குடும்பங்கள் பரண் பெட்டிகளைத் திறந்து அவருக்குப் படங்கள் அனுப்பின. அப்படி வந்தவர்தான் ஹென்ரிக் கார்ஸ்டன்ஸ்: ஓய்வுபெற்ற பல் மருத்துவர், 2017-இல் அக்காவோடு பஸ்ஸில் சுற்றியவர். அவர் அனுப்பியது தன் தாத்தா வில்ஹெல்மின் நான்கு நோட்டுப் புத்தகங்கள். முதல் உலகப் போரில் முதல் வகுப்பு இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கிய லெப்டினன்ட்.

நான் வந்து சேர்ந்தபோது கட்டடம் முழுக்க லெப்டினன்ட்டின் பிடியில் இருந்தது. மின்சாரம் வரும் நாலு மணி நேரத்தில் அக்கா தட்டச்சு செய்வார். போனதும் படியில் வந்து உட்கார்ந்து அன்றைய நிலவரம் சொல்வார். உதயசூரியன் அண்ணன் டாக்சியை நிறுத்திவிட்டு ஏறி வரும்போதே கேட்பார்.

"இன்னைக்கு உன் லெப்டினன்ட் என்ன சாப்பிட்டான்?"

"டர்னிப் கிழங்கு."

"நேத்தும் அதானே?"

"நேத்து வேகவச்சது. இன்னைக்கு வேகாதது."

லெப்டினன்ட் வில்ஹெல்ம் 1914-இல் பதினெட்டு வயதில் தானாகப் போய் ராணுவத்தில் சேர்ந்தவர். விதைக் கடைக்காரரின் மகன். முதல் நோட்டில் அவர் சண்டையைவிடத் தன் பூட்சைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்; அது ஒரு அளவு சிறியது. இரண்டாவது நோட்டில் அதிகாரி ஆனார், குதிரை கிடைத்தது; அது அவரை இரண்டு தடவை தள்ளிவிட்டது. கிழக்கே ரஷ்யப் பக்கம் சேற்றிலும் பனியிலும் இரண்டு குளிர்காலம். லேனா என்ற பெண்ணுக்குக் கடிதம். பல்வலி. கார்ப்பரல் யென்சனின் பிறந்தநாள், 1917 ஜனவரி 5, வயது இருபத்து மூன்று. எங்கிருந்தோ ஒரு வாத்தைப் பிடித்து வந்து எல்லோரும் தின்றார்கள். அந்த வாத்து எந்த ஏழை வீட்டு முற்றத்திலிருந்து வந்தது என்பதை லெப்டினன்ட் எழுதவில்லை. அக்கா அதை மட்டும் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நோட்டில்தான் பதக்கம் கிடைத்த கதை இருந்தது. 1917 மார்ச் 14, 15, 16. பனி உடையும் ஆற்றின் அக்கரையில் பதினொரு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லெப்டினன்ட் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்குகிறார். ஒவ்வொருவராக இழுத்து வருகிறார். யென்சன் கரையில் கயிற்றைப் பிடித்திருக்கிறான்; மறுநாள் காயத்தில் இறந்துபோகிறான். அன்று படியில் மூன்றாவது மாடி நிலோஃபர்கூட வந்து உட்கார்ந்து கேட்டாள். "சினிமா மாதிரி இருக்கே" என்றாள்.

கார்ஸ்டன்ஸ் குடும்பத்துக்கு இது வேதம். வருடத்துக்கு ஒரு முறை, ஆகஸ்டில், முப்பத்தோரு பேரும் வடக்கே கடலோர ஊரில் கூடுவார்கள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து பதக்கத்தை எடுத்து மேசையில் வைத்துத்தான் சாப்பாடு. ஆனால் நோட்டைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரும் இல்லை. இந்த வருடம் அக்காவின் தட்டச்சைப் புத்தகமாக்கி, அந்த மேசையில் அக்காவே வந்து வாசிக்க வேண்டும் என்று ஹென்ரிக் எழுதியிருந்தார். டிக்கெட் அவர்கள் பொறுப்பு. விசாவுக்கான அழைப்புக் கடிதம் தயாராகிறது.

அதைப் படித்த நாள் சித்ராக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தாகேதாவில் இருக்கும் தையல்காரியிடம் போய், கம்பளிக் கோட்டு தைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தார். அதிலிருந்துதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

"ஆகஸ்ட்ல அங்க வெயில் அக்கா" என்றேன்.

"இருக்கட்டும். போறது ஒரு தடவை. கோட்டு போடாம ஜெர்மனின்னு எப்படி நம்புறது?"

மே மாதக் கடைசியில், அத்தியாயத் தலைப்புகளுக்காகத் தேதிகளின் பட்டியல் ஒன்றை ஹென்ரிக் கேட்டார். நான் கணினியில் நோட்டின் படங்களைப் பெரிதாக்கிக் காட்ட, அக்கா தேதியையும் கிழமையையும் வாசித்து எழுதிக்கொண்டு வந்தார். மார்ச் 12, திங்கள்: தலை கனக்கிறது, கஞ்சி இறங்கவில்லை. அடுத்த பக்கத்தில் நிறுத்தினார்.

"இது என்ன?"

"மார்ச் பதினாலு அக்கா."

"அது தெரியுது. பக்கத்துல பாரு. வியாழக்கிழமைன்னு எழுதியிருக்கான். பதினேழாம் வருஷம் மார்ச் பதினாலு புதன்கிழமை."

அவர் தட்டச்சு செய்த பக்கத்தைத் திறந்தேன். அதில் புதன் என்று இருந்தது. பதினைந்து நோட்டில் வெள்ளி, தட்டச்சில் வியாழன். பதினாறு நோட்டில் சனி, தட்டச்சில் வெள்ளி. மார்ச் 18 ஞாயிறு இரண்டிலும் சரி.

சித்ராக்கா நாற்காலியில் சாய்ந்தார். "நான்தான் மாத்தியிருக்கேன். கை தானா மாத்தியிருக்கு. ஆளைக் கூட்டிட்டுப் போய்ச் சரியான மூலையில நிறுத்துற மாதிரி."

"ஒரு நாள்தானே அக்கா? சண்டைக்கு நடுவுல யாருக்குக் கிழமை ஞாபகம் இருக்கும்?"

அவர் நான்கு நோட்டையும் முதலிலிருந்து புரட்டச் சொன்னார். மின்சாரம் போகும்வரை புரட்டினோம். நாலு வருடப் போர். சேற்றில் எழுதியது, ரயிலில் எழுதியது, பல்வலியோடு எழுதியது. ஒரு கிழமைகூடப் பிசகவில்லை. அந்த மூன்று நாள் மட்டும்தான்.

"எந்த வருஷத்துல மார்ச் பதினாலு வியாழக்கிழமை?" என்று அவரே கேட்டு, அவரே சொன்னார். "பதினெட்டு. அடுத்த வருஷம்."

நான்காவது நோட்டில் 1918 மார்ச்சைப் பார்த்தோம். லெப்டினன்ட் விடுப்பில் ஊரில் இருக்கிறார். மார்ச் 10, ஞாயிறு: லேனாவின் அப்பா நிச்சயத்துக்கு முன்னால் என் நோட்டைப் படிக்க வேண்டும் என்கிறார். அதன்பின் 14, 15, 16 ஆகிய மூன்று நாளும் ஒன்றும் எழுதவில்லை. அந்த மூன்று நாளும் பேனா மூன்றாவது நோட்டில் இருந்திருக்கிறது. சுவரில் தொங்கிய 1918 நாட்காட்டியைப் பார்த்து, போன வருடத்துத் தேதிகளுக்குக் கிழமையை எழுதிவிட்டார்.

அக்கா இன்னொரு பக்கத்தைத் தேடி எடுத்தார். 1917 ஏப்ரல் 2. சலவைக்குப் போட்ட துணிகளின் பட்டியலுக்குக் கீழே நெருக்கி எழுதிய மூன்று வரி. அதைத் தமிழில் சொன்னார்: "யென்சனின் அம்மாவுக்குக் கடிதம். அவன் ஆற்றிலிருந்து இழுத்து வந்த பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் அங்கே இல்லை என்பதால் போடவில்லை."

"இதை முன்னாடி படிச்சீங்களா?"

"படிச்சேன். யென்சன் கயிறு பிடிச்சு இழுத்ததைச் சொல்றான்னு நினைச்சேன். கையெழுத்துப் போடுறப்ப இவன் கூடாரத்துல இல்லை போலன்னு நினைச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவன் ஆத்துலயே இறங்கலை. பன்னெண்டாம் தேதியிலிருந்து காய்ச்சல்ல படுத்திருந்திருக்கான். இறங்கினது யென்சன். அவன் செத்துட்டான், அதிகாரி இவன்தான், மேலே இருந்தவங்க இவன் பேருக்குப் பதக்கம் அனுப்பிட்டாங்க. இவனும் வாங்கிட்டான். அப்புறம் மாமனார் நோட்டைக் கேட்டதும் பழைய பக்கத்தைக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதி வச்சுட்டான். இருபத்தோரு வயசு."

தட்டச்சு போய்ச் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அதில் கிழமைகள் எல்லாம் சரியாக இருந்தன. அந்தக் கையெழுத்தைக் கார்ஸ்டன்ஸ் வீட்டில் யாராலும் படிக்க முடியாது. அக்கா வாயைத் திறக்காவிட்டால் இது எந்தக் காலத்திலும் வெளியே வராது. திறந்தால், அந்த மேசையில் அவருக்கு நாற்காலி இருக்குமா?

அன்று சாயங்காலம் படியில் விவாதம். உதயசூரியன் அண்ணன் தெளிவாக இருந்தார்.

"ஆத்துல குதிச்சவனும் செத்துட்டான், குதிக்காதவனும் செத்துட்டான். இப்ப யாருக்கு ஈரமாகுது? பேசாம போயிட்டு வா."

"போய்ப் பார்த்துட்டு, திரும்பி வந்தப்புறம் எழுதுங்க அக்கா" என்றேன் நான். கள்ளத்தனமான யோசனைதான். ஆனால் இருபத்தேழு வருடம் ஒரு நாட்டைப் பற்றிப் பேசியவர் அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

"அவங்க மேசையில உட்கார்ந்து அவங்க சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த மூணு பக்கத்தை நானே வாசிக்கணும். உருக்கமா வேற வாசிக்கணும்" என்றார் அக்கா.

"உருக்கமாத்தானே எங்களுக்கு வாசிச்சே? நிலோஃபர் அழுதுச்சு" என்றார் அண்ணன்.

"அப்ப எனக்குத் தெரியாது."

ரயில் ஒன்று கட்டடத்தை ஆட்டிவிட்டுப் போனது.

"டூரிஸ்ட்டைத் திருத்தினா அந்த ஆளு தன் இடத்துல நிப்பாரு, அவ்வளவுதான். இங்க நான் திருத்தினதுல யென்சனுக்கு நிக்க இடமில்லாமப் போச்சு. அவனுக்குன்னு இருந்ததே அந்த ஒரு வியாழக்கிழமைதான். அதையும் அழிச்சது நான்."

"ஒரு வாத்துக்காக நாலு நாள் புலம்பினவ, இதுக்கு எத்தனை நாள் புலம்புவே?" என்றார் அண்ணன். அவர் தோற்றுவிட்டார் என்பது அதிலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா என்னை ஷ்வேடகோனுக்குக் கூப்பிட்டார். அவர் சனிக்கிழமைக்காரர், நாக மூலைக்குத்தான் போவார் என்று அந்தப் பக்கம் திரும்பினேன். கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை மூலை. சிலைக்குக் கீழே சின்னதாக ஒரு கினிப்பன்றி.

"யென்சன் பிறந்தது தொண்ணூத்து நாலு ஜனவரி அஞ்சு. ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்து நாலு. வெள்ளிக்கிழமை."

இருபத்து மூன்று குவளை எண்ணி ஊற்றினார். குவளையைக் கீழே வைக்கப் போய், நின்றார்.

"ஆயுளுக்கு ஒண்ணு கூட ஊத்தணும். இவனுக்கு எதுக்கு?"

பின்னால் வரிசையில் ஒரு பெண் காத்திருந்தாள். அக்கா அவளிடம் பர்மியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இருபத்து நான்காவதையும் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் கடிதம் எழுதினார். நீளமாக இல்லை. நோட்டில் என்ன இருக்கிறது, தட்டச்சில் தான் என்ன மாற்றினார், ஏன் மாற்றினார், அந்த மூன்று பக்கம் எந்த வருடம் எழுதப்பட்டது, ஏப்ரல் 2-இல் என்ன இருக்கிறது. தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினார். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது மின்சாரம் போனது. என் போனில் இணையம் பிடித்து அனுப்பினோம்.

பத்தொன்பது நாள் பதில் இல்லை.

முதல் வாரம் அண்ணன் கேலி செய்து பார்த்தார். இரண்டாவது வாரம் அவரும் நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம், சொல்லாமலே, தாகேதாவுக்கு டாக்சியை ஓட்டிப் போய்க் கோட்டை வாங்கி வந்து ஆணியில் மாட்டினார். அந்த ஜூன் மழையில், ஜன்னல் பக்கம், சாம்பல் நிறத்தில், அது வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் நின்றது. அக்கா அதைப் பார்க்காமல் சுற்றிப் போனார். ஜெர்மன் வேலை எதையும் தொடவில்லை. நிலோஃபரின் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இருபதாவது நாள் பதில் வந்தது. அக்கா அதை எழுந்து நின்றுகொண்டே படித்தார். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார். வினைச்சொற்களுக்காகக் காத்திருந்து, நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார்.

"முதல்ல ரெண்டு நாள் என் மேல கோபமாம். அப்புறம் தாத்தா மேலயாம். ஹென்ரிக்கோட அண்ணன் இனி நான் அந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டாராம். ஆகஸ்டுக்கு அவர் வரலை, அவரோட சேர்ந்து ஒன்பது பேர் வரலை." திரையைக் கீழே நகர்த்தினார். "யென்சனோட குடும்பத்தைத் தேடிப் பார்த்தாராம். அந்த ஊர்ல யென்சன்னு நானூறு வீடு இருக்காம்."

"நம்ம ஊர்ல பஸ்ஸுல ஏறி மௌங் மௌங்னு கூப்பிட்டா பாதிப் பேர் திரும்புற மாதிரி" என்றார் அண்ணன்.

"பதக்கத்தை என்ன செய்யறதுன்னு இன்னும் முடிவாகலையாம். பெட்டியிலயே இருக்காம்." அடுத்த வரிகளை ஹென்ரிக் எழுதியபடியே சொன்னார். "ரெண்டாயிரத்துப் பதினேழுல நீங்க என்னைச் சிங்கத்துக்கிட்ட நிறுத்தினீங்க. அங்க இங்கிலீஷ்ல செவ்வாய்னு பலகை இருந்தது. அறுபது வருஷமா நான் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை. அன்னைக்கு ராத்திரி ஓட்டல்ல தங்கச்சிக்குப் போன் போட்டு அம்மாவோட குறிப்பைப் பார்க்கச் சொன்னேன். செவ்வாய்தான். ஒரு நாள் பூரா உங்ககிட்ட நான் பேசலை, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

"கவனிச்சேன்" என்றார் அக்கா, கணினியைப் பார்த்து. "வயித்து வலின்னு நினைச்சேன்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம்... இருபத்திரண்டு பேர் வராங்களாம். வியாழக்கிழமையைப் புத்தகத்துல இருந்த இடத்துலயே வச்சிடச் சொல்றார். எல்லாப் பக்கத்தையும் நான் வாசிக்கணுமாம், சலவைத் துணிப் பட்டியல் உட்பட."

அழைப்புக் கடிதம் இணைப்பில் இருந்தது. விசா நேர்காணல் ஜூலை பத்தாம் தேதி. நான் கிழமை பார்க்கப் போனை எடுத்தேன்.

"வியாழன்" என்றார் சித்ராக்கா. எழுந்து போய்க் கோட்டைப் போட்டுப் பார்த்தார். கை ஒரு சாண் நீளமாக இருந்தது.

"எம்டனுக்குச் சட்டை பெரிசு" என்றார் உதயசூரியன் அண்ணன்.

"மடிச்சுத் தைச்சுக்கலாம்" என்றார் அக்கா. அந்தக் கோட்டோடு, வியர்க்க வியர்க்க, உட்கார்ந்து மார்ச் 14-ஐத் திறந்து, புதனை அழித்தார்.